முக்காட்டு நுனி

ஸ்ரீரங்கம்
3.2.2025

அன்புள்ள சாரா பீவி அவர்களுக்கு,

இருபது ஆண்டுகளுக்கு முன், உங்கள் மகன் கலீமின் மதிப்பெண் அட்டையை வாங்கப் பள்ளிக்கு வந்த நீங்கள், "டீச்சர், சர்க்கரைக்குப் போடுற இன்சுலினை எதிலேருந்து எடுக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். "பன்றியோட கணையத்திலேருந்து" என்றேன். நீங்கள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டீர்கள்.

நேற்று சத்திரம் பஸ் நிலையத்தில் கலீமைப் பார்த்தேன். போன வருஷம் உங்கள் கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்களாம். இன்னமும் ஊசி வேண்டாம் என்கிறீர்களாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொன்னது என் கல்லூரிக் காலத்துப் பாடம். நீங்கள் கேட்டபோதே கடைகளில் வேறு இன்சுலின் வந்துவிட்டது. உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியின் பக்குவத்தை எனக்கு எழுதிக் கொடுத்தால், என் அடுப்பில் வேகுவதும் உங்கள் கஞ்சிதானே? அதுபோல, மனித உடம்பு இன்சுலின் செய்யும் பக்குவத்தை ஒரு நுண்ணுயிருக்குள் வைக்கிறார்கள். அது பெரிய தொட்டிகளில் பெருகி, நம் உடம்பில் சுரக்கும் அதே இன்சுலினைச் செய்கிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து புட்டியில் அடைக்கிறார்கள். பன்றியின் கணையம் தேவையில்லை.

வெட்கத்துடன்,
ஆனந்தவள்ளி

பாலக்கரை
8.2.2025

டீச்சரம்மாவுக்கு,

எனக்குக் கண் மங்கிப்போச்சு. நான் சொல்லச் சொல்ல மருமக தஸ்லிமா எழுதுறா.

உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். "டீச்சருக்கே தப்பு வருமா மாமி?"ன்னு இவ சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரலீங்க. உசுரைக் காப்பாத்த எதுவும் ஆகும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொன்னாரு. மனசுதான் ஒப்பலை. நீங்க சொன்ன அந்த ஒரு சொல்லு உள்ளேயே கிடந்துச்சு.

இப்பப் பாதத்தையே எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்குனா காலைக் காப்பாத்திப் பார்க்கலாமாம். கலீம் வாங்கி ஃப்ரிட்ஜுல வச்சிருக்கான்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சொன்னது தப்புன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

சாரா பீவி

ஸ்ரீரங்கம்
11.2.2025

அன்புள்ள சாரா பீவி அவர்களுக்கு,

ஆறு வருஷமாகத் தெரியும்.

எனக்கும் சர்க்கரை. முதல் ஊசி போட்டுக்கொண்ட அன்று பெட்டியில் மனித இன்சுலின் என்று ஆங்கிலத்தில் படித்தேன். உடனே உங்கள் முக்காட்டு நுனிதான் ஞாபகம் வந்தது. ஒரு டவுன் பஸ் ஏறினால் உங்கள் வீடு. நான் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் நடத்தியவள், 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று உங்கள் வாசலில் நின்று சொல்லக் கூச்சப்பட்டேன். என் கூச்சம் எனக்குள்ளேயே இருந்தது. விரல்கள் உங்களுக்குப் போயின.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் பிறகு இருக்கட்டும். இந்த முறை என் பேச்சை நம்ப வேண்டாம். இன்றே கலீம் வாங்கி வைத்த அந்த இன்சுலின் பெட்டியை எடுத்துத் தஸ்லிமா கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனந்தவள்ளி