சிவப்பு நூல் பித்தான்

அப்பா,

இன்று காலை கதவைத் திறந்ததுமே பூண்டு நெடி. அடுப்புப் புகையில் காய்ந்த மலைப்பூண்டு. மலைக்கிராமம் கிளாவரையிலிருந்து முத்தையா சித்தப்பா வந்துவிட்டார் என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. நீங்கள் போன பிறகும் "அண்ணன் வீட்டுக்கு" என்று அவர் சுமந்து வருவது நிற்கவில்லை. வாங்கும்போது எனக்குக் கை கூசியது.

ஊர் உங்களைத் தலைவர் என்றது. எனக்கு நீங்கள் ஏரி ரோட்டுத் தையல்காரர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் போலீசுக்குக் காக்கியும் தைத்தீர்கள், கதர்க்காரர்களுக்குச் சட்டையும் தைத்தீர்கள். பித்தான் தைக்கிற சோலி எனக்கு. "வெள்ளத் துணியில வேற நூலு ஏறுச்சு, வெரல ஒடிச்சுப்புடுவேன்" என்பீர்கள்.

சுதந்திரம் வந்ததும் நீங்களே கதர் உடுத்தி, தேர்தலில் நின்று மேடையேறினீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள், நானும் பூரித்துப்போனேன். அந்தத் தேர்தல் கூட்டத்தில்தான் சித்தப்பா கம்பளியை விலக்கி, உள்ளே போட்டிருந்த பழைய சட்டையைக் காட்டினார்.

"அண்ணே தச்ச சட்டைங்க! இதப் போட்டுக்கிட்டுத்தேன் ஜெயிலுக்குப் போனேன். சந்தையில அம்புட்டு வெள்ளச் சட்டை நிக்கிது, என் மூஞ்சியே தெரியாத போலீசு நேரா எங்கிட்ட வந்தான். எம்புட்டு ராசியான சட்டை பாருங்க!"

கூட்டம் சிரித்தது. "இந்தா, ஒத்தப் பித்தான் மட்டும் செவப்பு நூலு. பாவம், அண்ணே அவசரத்துல தச்சது" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டில் கேட்டேன். நீங்கள் பொய் சொல்லவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

"இன்ஸ்பெக்டர் அடையாளம் கேட்டான் தாயி. வச்சுக் குடுத்தேன். அப்பறந்தேன் நமக்குப் புது மிஷின் வந்துச்சு."

அந்த மிஷின் சோற்றில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன். சீ, என்ன பிழைப்பு என்றிருந்தது. அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று அழுதேன். "ஓட்டு முடியட்டும். நானே கிளாவரைக்குப் போயி சொல்லிப்புடுறேன்" என்றீர்கள்.

உங்களுக்காக மலையெல்லாம் ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவரே அவர்தான். ஜெயித்தீர்கள். கிளாவரைக்கும் போனீர்கள். கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தீர்கள். "அந்தக் கூட்டத்துல எப்புடி தாயி சொல்றது?" என்றீர்கள். அதன்பின் நான் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவீர்கள். கடைசியில் வாய் இழுத்துக்கொண்டு படுத்தபோது, உங்களுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவர்தான். நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். அப்போது நீங்கள் நினைத்தாலும் சொல்லியிருக்க முடியாது.

இன்று அவர் பூண்டோடு ஒரு கைக்குழந்தையையும் கொண்டுவந்திருந்தார். பேரன். என் மடியில் போட்டார்.

"அண்ணன் பேரத்தேன் வச்சிருக்கேன் தாயி. யோக்கியமான பேரு, வெளங்கட்டும். உன் வாயால ஒருக்கா கூப்புடு."

குழந்தை என் முகத்தையே பார்த்தது. எனக்கு வாய் வரவில்லை. "சாமி" என்று மட்டும் கூப்பிட்டேன்.

"அப்பன் பேரச் சொல்ல மாட்டேங்குது பாரு, எம்புட்டு மருவாதி!" என்று சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் அப்படியே நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், அப்பா. உங்கள் பெயர் இன்னும் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.