பிஸ்கட் டப்பாவின் மூடி

டீச்சர்,

வரிசை போட்டுக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. பிஸ்கட் டப்பா.
2. அன்று நான் சொன்ன விளக்கம்.
3. நீங்கள் அவசரப்பட்டது.

புதிய குழந்தை மனநல ஆலோசகர்களின் பயிற்சிக்காக இன்று காலை அலமாரியைத் திறந்தேன். களிமண் வாசனை. பொம்மைகளுக்கு நடுவே அந்தத் தகர டப்பா, மூடியோடு.

நாம் இருவரும் சேர்ந்து நடத்திய வகுப்பு. குழந்தை விளையாடும், ஆலோசகர்கள் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பார்கள். பள்ளியில் பேச்சையே நிறுத்திவிட்ட அந்தச் சிறுமி ஈர மண்ணில் ஒரு பெண் பொம்மை பிடித்தாள். அதற்குப் பொட்டு வைத்தாள். டப்பாவுக்குள் படுக்கவைத்து மூடி, மூடியை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டாள்.

நான் ஆலோசகர்களிடம் மெல்லச் சொன்னேன்: "சூளையில வைக்கிறா. அம்மா கெட்டியா, உடையாம இருக்கணும்னு ஆசை." பாதிப் பேர் பீங்கான் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். தலையாட்டினார்கள்.

நீங்கள் மட்டும் என் பக்கம் சாய்ந்தீர்கள். "சூளைன்னு அவ சொன்னாளா சார்? நீங்கதான பேரு வச்சீங்க?"

குழந்தை பெயர் வைக்குமுன் நாம் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. வகுப்பில் நான் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

அன்றே அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றீர்கள். இன்னும் இரண்டு முறை விளையாடட்டும், தானே சொல்வாள் என்றேன்.

"உங்க சூளை ஆறுற வரைக்கும் நீங்க இருங்க சார். நான் போயிட்டு வரேன்" என்று ஆட்டோ ஏறினீர்கள்.

அவள் வீட்டில், பின்பக்க அறைக்கு வெளியே தகப்பன் போட்ட பூட்டு. அக்கம்பக்கத்தாரை அழைத்து உடைத்தீர்கள். உள்ளே அவள் அம்மா, கை முறிந்து, தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தாள். அந்தக் களேபரத்தில் தகப்பன் சிறுமியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அவளை மீட்டுத் தாயிடம் சேர்க்க மாதங்கள் ஆயின. திரும்பி வந்தவளுக்கு அழுகைகூட வரவில்லை.

ஏற்பாடு எதுவும் செய்யாமல் போனதால்தான் குழந்தை அவனிடம் சிக்கியது என்று உங்களிடமே சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் அவசரத்துக்கு அதையே உதாரணமாகச் சொல்லிவந்தேன்.

போன மாதம் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் சவப்பெட்டியை மூடப் போனார்கள்.

"மூடாதீங்க! மூச்சு முட்டும்!"

திரும்பினேன். அந்தச் சிறுமி. அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை. தாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அன்னிக்கு எனக்கு முட்டுச்சும்மா. இவங்களுக்கு முட்டாது."

இன்னும் இரண்டு முறை விளையாடட்டும் என்றேனே, டீச்சர். வாரத்துக்கு ஒரு முறைதானே நம் விளையாட்டு. தண்ணீர்கூட இல்லாமல் இரண்டு வாரம்.

டப்பாவை மூடாமலே வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.