சாணம் கிடந்த மூன்று இடங்கள்

14 ஜூலை 1964, செவ்வாய்

செம்பூரில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கீரை திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை. மண்ணுக்குள் வளைந்து கிடந்த வெள்ளைப் புழு தின்றிருக்கிறது. நிலம் முழுக்கப் பூச்சிமருந்துத் தூளைத் தூவிவிடலாம் என்று மூட்டையைப் பிரித்தேன். என் மனைவி பொன்னம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூவாதீய. இந்தக் கீரைய சின்னப்பிள்ளையளும் திங்கும். மொதல்ல தோண்டிப் பாப்பம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ மழையில் குனிந்து பத்து இடத்தில் தோண்டினாள். ஏழு இடத்தில் ஒரு புழுகூட இல்லை. மூன்றில் கை நிறைய இருந்தது. கோடையில் தபேலாவிலிருந்து, அதுதான் எருமைத் தொழுவத்திலிருந்து, கொண்டுவந்த சாணத்தை அந்த மூன்று இடத்தில்தான் குவித்து வைத்திருந்தோம். நான் மறந்துவிட்டேன். தலையில் சுமந்தவளுக்கு மறக்கவில்லை.

இருவருமாகப் புழுவைப் பொறுக்கி வாளியில் போட்டோம். மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டேன். மற்ற கீரையெல்லாம் பிழைத்துக்கொள்ளும்.

மக்காத சாணத்தில் வண்டு முட்டையிட்டுப் புழு வைக்கும், வேண்டாம் என்று கோடையில் கொட்டும்போதே அவள் சொன்னாள். அவசரப்பட்டவன் நான்தான். இன்று முழுக்க அதை அவள் சொல்லிக்காட்டவே இல்லை. சோறு போடும்போது மட்டும், "அடுத்த கோடைக்குச் சாணம் எப்பக் கொட்டணும்னு நான் சொல்லுதேன்" என்றாள்.

சரி என்றேன்.