காசிக்குப் போற மாதிரி கெளம்பிட்டேன்

பேரிகை
14-11-1994

அன்பு மவ ருக்மணிக்கு அப்பன் எழுதிக்கறது. இங்க நானு, உங்கம்மா, உன் தம்பி மாதப்பன், அவன் பொண்டாட்டி ராஜாத்தி நாலு பேரும் ஒடம்பு மட்டும் சுகம். அமெரிக்காவுல நீயும் மாப்பிள்ளையும் வயித்துல கெடக்குற குட்டியும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு மாரியம்மாளக் கும்புட்டுக்கினே எழுதறேன். நீ அனுப்பின போட்டோ வந்துச்சு. நீ பூசணிக்கா மாதிரி உருண்டுக்கினு இருக்க, மாப்பிள்ளை முருங்கக்கா மாதிரி நிக்கிறாரு. ரெண்டு பேரு சோத்தையும் நீ ஒருத்தியே திங்கிறியான்னு ராஜாத்தி கேக்கச் சொன்னா. பொய்யி, நான்தான் கேக்கறேன்.

எவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி எழுதறது, சொல்லிடறேன். விசா இல்லன்னுட்டாங்க பாப்பா. எனக்கும் இல்ல, உங்கம்மாவுக்கும் இல்ல. வியாழக்கெழம மெட்ராஸ்ல விடிகாலைலயே வரிசையில நின்னோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன், நம்ம மாதப்பனை விட சின்னவன், பூனைக்கண்ணு, பக்கத்துல தமிழ்ல கேட்டுச் சொல்ல ஒரு பொம்பள. மருவாதையாத்தான் பேசினாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. தப்பு முழுக்க உங்கப்பன் மேலதான், அதைத்தான் எழுத வெக்கமா இருக்குது.

நெலத்துப் பத்திரம் எடுத்துக்கினு போ, ஊருல உனக்கு என்னென்ன இருக்குதுன்னு காட்டுன்னு நீ எழுதியிருந்த. எடுத்துக்கினுதான் போனேன். ஆனா எங்கப்பன் அந்தக் காலத்துல காசிக்குப் போனப்ப எப்படிப் போனாருன்னு உனக்கே தெரியும், நெலத்தப் பிரிச்சு எழுதி, மாட்டைக் கயித்தோட கையில புடிச்சுக் குடுத்து, ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்கன்னு ஊருல ஒவ்வொரு வூடாப் போயி சொல்லிட்டுதான் வண்டி ஏறினாரு. தூரதேசம் போறவன் அப்படித்தான் போவணும்னு என் மண்டையில ஏறிப்போச்சு. காசிக்கே அப்படின்னா கடல் தாண்டிப் போறதுக்கு எப்படின்னு நெனச்சு, ஐப்பசி பொறந்ததும் நெலம் வூடு ரெண்டையும் மாதப்பன் பேருக்கு எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டேன், கறவை ரெண்டையும் வித்துட்டேன். அந்தப் புதுப் பத்திரத்தைத்தான் பெருமையா நீட்டினேன். அந்தப் பொம்பள படிச்சுப் பாத்துட்டு, பெரியவரே இதுல உங்க பேருல ஒண்ணும் இல்லையேன்னுச்சு. நான் நெஞ்ச நிமித்திக்கினு, ஒண்ணும் இல்லீங்க, ஒரு பாக்கி வெக்காம எல்லாத்தையும் முடிச்சிட்டுதான் வந்திருக்கேன், இனிமே ஊருல எனக்கு ஒரு வேலையும் கெடையாதுன்னேன். சபாஷ்னு சொல்லுவான்னு பாத்தேன் பாப்பா. அவன் பேனாவ மூடிட்டான். எப்ப திரும்பி வருவீங்கன்னு உங்கம்மாவைக் கேட்டதுக்கு, பாப்பா எப்ப போதும்ங்குதோ அப்பத்தான்னு சொன்னா. நான் குழி தோண்டினேன், அவ மண்ணத் தள்ளினா. திரும்பி வர்றதுக்கு உங்களுக்கு ஒரு காரணமும் தெரியலன்னு சொல்லி, பாஸ்போர்ட்டுல கடைசிப் பக்கத்துல ஒரு முத்திரை குத்தி குடுத்துட்டாங்க.

மாதப்பன் தங்கமானவன், மறுநாளே கம்பெனிக்கு லீவு போட்டுட்டு, வாப்பா திருப்பி எழுதித் தரேன்னு நின்னான். ஓசூர் டிராவல்ஸ்காரரைக் கேட்டோம். பத்திரத்துல தேதி இருக்குமே, விசாவுக்காகவே எழுதினதுன்னு நெனப்பாங்க, ஒரு வருசமாவது போகட்டும்னாரு. உன் பிரசவத்த ஒரு வருசம் நிறுத்தி வெக்க முடியுமான்னு கேட்டேன், அவரு மட்டும் சிரிச்சாரு. உங்கம்மாவைத் தனியா அனுப்பலாம்னா அவளுக்கும் இதே பதில்தானாம். நீ கெளம்பி வரலாம்னா, அங்கயே தங்கறதுக்கான உன் காகிதம் முடியறதுக்குள்ள வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்கன்னு மாப்பிள்ளை முன்னயே எழுதிட்டாரு. எல்லாப் பக்கமும் அடைச்சிருக்குது. ஒனக்கு அங்க சிநேகிதிங்க யாராச்சும் அப்பன் ஆத்தாளக் கூப்புடறதா இருந்தா இதைச் சொல்லு. நெலத்த அவங்க பேருலயே வெச்சிருக்கட்டும், மாடு கட்டுத்தறியிலயே நிக்கட்டும், இன்ன தேதிக்குத் திரும்புவேன், எனக்கு அறுப்பு இருக்குதுன்னு சொல்லட்டும். எனக்கு வந்த புத்தி அவங்களுக்காவது ஒதவட்டும்.

உங்கம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா பதிலுக்கு நானும் ரெண்டு வெச்சிருப்பேன். பழைய பொடவை நாலக் கிழிச்சு கொதிக்கிற தண்ணியில அலசி மடிச்சு வெச்சிருந்தா இல்ல, குழந்தைக்கு விரிக்க, அதைப் பொட்டியில இருந்து எடுத்து பக்கத்து வூட்டு வெள்ளையம்மா மவளுக்குக் குடுத்துட்டா. அவளுக்குப் போன வாரம் ஆம்பளப் புள்ள. தபால்ல அனுப்பலாமேன்னேன். போயிச் சேர்றதுக்குள்ள புள்ள கவுந்துக்கும்னா. நேத்து சாயங்காலம், குழந்தையக் கால் மேல போட்டு எப்படிக் குளிப்பாட்டறதுன்னு நீ சொல்லு, நான் எழுதறேன்னு உக்காந்தேன். ரெண்டு காலையும் நீட்டி, தலை இந்தப் பக்கம், இடது கையி கழுத்துக்கடியிலன்னு காத்துல கையி வெச்சுக் காட்டினா. அப்புறம் அப்படியே நிறுத்திட்டு, இதெல்லாம் எழுத வராதுய்யா, கையிதான் தெரிஞ்சுக்கணும்னு சொல்லிட்டு எழுந்து அடுப்பண்ட போயிட்டா. அதனால இந்தக் கடுதாசியில அது இல்ல. மாப்பிள்ளையக் கத்துக்கச் சொல்லு. பயந்தா ரெண்டு பேரும் சேந்தே பயப்படுங்க.

தாயும் புள்ளையும் வேற வேறயா நல்லபடியாப் பிரிஞ்சு நூறு வருசம் இருங்க. படி ஏறும்போது புடிச்சுக்கினு ஏறு, பனியில வெளிய போவாத. ஒண்ணு மட்டும் மறக்காத. பொறந்ததும் ஆஞ்சப்பன் எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணு, அவன் ஓடி வந்து கூப்புடுவான், உங்கம்மாகிட்டதான் குடுப்பேன். நீ பேசாத, நீ பேசினா அவ அழுவா. குழந்தை வாயிகிட்ட போனை வெச்சுடு, அது கத்தட்டும்.

இப்படிக்கு
உன் அசட்டு அப்பன்
சென்னகிருஷ்ணன்