அம்மாவைப் பங்கு போட்டவர்கள்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்பில் பெரிய குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், ஏதாவது சரியில்லை என்றால் மறைக்காமல் சொல். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒரு வழியாக நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், அவர்கள் சண்டைச் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் பொழுது போகவில்லை.

போன சனிக்கிழமை அம்மாவின் பள்ளிக்கூடத்தில் அவள் நினைவாக ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் போவதாக இல்லை. அந்தக் கட்டடத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். சித்தப்பாதான் வந்து, ‘நீங்க வராம எப்படிண்ணா, சட்டையை மாட்டுங்க’ என்று இழுத்துக்கொண்டு போனான். அவள் பாடம் எடுத்த அதே ஐந்தாம் வகுப்பு அறை. அந்தக் குட்டி பெஞ்சுகளில் தலை நரைத்தவர்களும் தொந்தி விழுந்தவர்களும் முட்டியை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ‘எங்க டீச்சர், எங்க டீச்சர்’ என்றே பேசினார்கள். ஒவ்வொரு ‘எங்க’வுக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

பல் டாக்டராக இருக்கும் ஒரு பெண் எழுந்து அம்மாவைப் போலவே பேசிக் காட்டினாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கூட்டலில் ஓர் எண்ணை விட்டுவிட்ட பையனைக் கேட்பதுபோல், ‘ஏழு எங்கடா போச்சு? ஜன்னல் வழியா குதிச்சு ஓடிடுச்சா? போய்ப் பிடிச்சுட்டு வா’ என்றாள். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு விளையாட்டுக் குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாதம்மா. நமக்குத் தெரிந்ததெல்லாம் என்ன? சாயங்காலம் தொண்டையைத் தடவிக்கொண்டே வருவாள், உப்பு வேண்டுமென்றால் விரலைத் தேய்த்துக் காட்டுவாள், விளக்கை அணைக்கக் கண்ணைக் காட்டுவாள். நீ சின்ன வயதில், ‘அம்மாவுக்குப் பேச வராதாப்பா?’ என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். பேச்சை எல்லாம் இவர்களிடம் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அடுத்து ஒரு லாரி டிரைவர் எழுந்தார், நல்ல ஆகிருதி. ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவருடைய அம்மா இறந்துபோனாராம். அந்த வருஷம் முழுக்க உன் அம்மா சீக்கிரமே பள்ளிக்கு வந்து, மணி அடிப்பதற்குள் அவருக்கு நகம் வெட்டி, தலை வாரி, மற்ற பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைப்பாளாம். எனக்கு மனசு இரங்கியிருக்க வேண்டும். ஆனால் நினைப்பு எங்கே போனது தெரியுமா? அதே காலைகளில் உனக்குத் தலை வாரியது யார்? நான். கோணல் வகிடு எடுத்து, ஒரு சடை மேலே ஒரு சடை கீழே என்று பின்னி உன்னை அழ அழ அனுப்புவேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று இவள் ஓடினாளே, அது இதற்குத்தானா என்று பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ‘எனக்கு உங்க எல்லார் மேலயும் பொறாமையா இருக்கு’ என்று வந்துவிட்டது. ‘நல்லதை எல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க, களைச்சுப்போனதைத்தான் எங்களுக்கு அனுப்பினீங்க’ என்றும் சொல்லிவிட்டேன். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த டிரைவர்தான் மறுபடி எழுந்தார். ‘சார், எங்களுக்குத்தான் உங்க மேல பொறாமை. கடைசி பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே டீச்சர் பையை எடுத்து மடியில வெச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருங்க டீச்சர்னு நான் கையைப் பிடிச்சா, விடுடா, வீட்ல ரெண்டு பேர் எனக்காக உட்கார்ந்திருப்பாங்கம்பாங்க. அந்த ரெண்டு பேரும் யாருன்னு பார்க்க வாசல் வரைக்கும் பின்னாலயே வந்திருக்கேன் சார். யாருன்னு தெரியாமலே அவங்களைத் திட்டியிருக்கேன்’ என்றார்.

அவர் திட்டிய இரண்டு பேரில் ஒருத்தி நீ. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், போகவில்லை. கூடக் கொஞ்சம் கர்வம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் அந்த மனுஷனின் தோளைத் தட்டினேன். ‘வாரினவ நல்லா வாரியிருக்கா, இன்னும் முடி கொட்டல’ என்றேன். சிரித்துக்கொண்டே அழுதார்.

கிளம்பும்போது தலைமை ஆசிரியை, வகுப்பறைக் கண்ணாடி அலமாரியில் வைக்க டீச்சரின் மூக்குக்கண்ணாடியைத் தர முடியுமா என்று கேட்டார். பள்ளிக்குப் போட்டுப் போனதை மறுநாளே சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். வீட்டில் போடுகிற பழசு ஒன்று உண்டு, ஒரு பக்கக் காம்பு உடைந்து நான் நூல் சுற்றிக் கொடுத்தது. அதையும் சேர்த்துத் தந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டேன். நீயும் யாரிடமும் வாயைத் திறக்காதே.

சின்னவளை முத்தமிட்டேன் என்று சொல். அவள் உன்னிடம் பேச வரும்போது கைபேசியைக் கொஞ்சம் கவிழ்த்து வை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூவரும் ஒரு நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ள மறக்காதே.

உன்னை நினைத்தபடியே,
அப்பா