முழுக்கைச் சட்டை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டிருந்த அம்மா போன வாரத்தோடு போய்விட்டாள், அதனால் சுகமா என்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. கை ஆறிவிட்டது, திரும்ப அவசர சிகிச்சை வார்டுக்கே போகலாம் என்று இருக்கிறேன், நீ என்னம்மா சொல்றே என்று கேட்டாய் பார், அதற்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ஆனால் உன்னிடம் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. போனில் வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது, எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று தையல் மிஷின் மேலேயே பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அப்பா வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். இருந்த தாழ்ப்பாளுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அறைத் தோழி அனுப்பிய அந்த வீடியோவைப் பார்த்த மறுநாள் காலையில் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய தாழ்ப்பாளாக வாங்கிவந்து, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் தானே மாட்டினார். காலமெல்லாம் பெயிண்டுக் கடையில் டப்பா அடுக்கிய மனிதருக்கு இதெல்லாம் எங்கே வரும், மாட்டி முடித்துப் பூட்டிப் பார்த்தால் திறக்கவே வரவில்லை. இரண்டு பேரும் உள்ளே. மாடி வீட்டு அக்காவின் வீட்டுக்காரர்தான் ஜன்னல் வழியாக ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து, வெளியில் நின்று சொல்லிக்கொடுத்து, எங்களை மீட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. அங்கே உன்னைக் காப்பாற்றாத கதவுக்கு இங்கே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறார், வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

நீ முழுக்கைச் சட்டை கேட்ட நாளிலிருந்து ஆரம்பித்தது எங்கள் கூத்து. நீ வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உன் யூனிஃபார்ம் எல்லாம் நான் தைத்ததுதான், எல்லாமே அரைக்கை, வார்டில் முழங்கைக்குக் கீழே துணி வரவே கூடாது, கை கழுவ வேண்டும் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். அப்படிப்பட்டவள் திடீரென்று வெளியில் போட நாலைந்து முழுக்கைச் சட்டை வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் அனுப்பும்மா என்றதும், நான் உடனே அப்பாவிடம் சொன்னேன், நம்ம பெண்ணை ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற நாற்காலி வேலைக்கு மாற்றிவிட்டார்கள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சட்டை கேட்கிறாள் என்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. முடி வெட்டுகிறவரிடம் சொல்லி, மருந்துக்கடையில் சொல்லி, உன் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லி, அப்புறம் உன்னையே கேட்டார், புது நாற்காலி எப்படிம்மா இருக்கிறது என்று. நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தாய். போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று அந்தச் சமயத்தில்தான் சொன்னாய். அதையும் நம்பினோம். நான் சந்தோஷத்தில் நல்ல துணியாகப் பார்த்து, மணிக்கட்டில் பட்டை வைத்து, நிற்கட்டும் என்று சிக்கென்று பிடித்துத் தைத்து அனுப்பினேன். பச்சைக் காயத்தின் மேல் அந்தப் பட்டை எப்படி உரசியிருக்கும். அளவு சரியாக இருக்கா என்று கேட்டதற்கு, கச்சிதமா இருக்கும்மா என்றாய். உன் காயத்தை என்னிடமிருந்து மறைக்க என் கையாலேயே துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன், சிட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் மிஷினில் கால் ஓட மாட்டேன் என்கிறது.

உன் அறைத் தோழி நல்ல பெண். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரியில் உனக்கு நடந்த பாராட்டு விழா வீடியோவை அனுப்பி வாழ்த்துகள் அம்மா என்று எழுதியிருந்தாள், அவளைத் திட்டாதே. முதலில் மேடையில் உன்னையும் நான் தைத்த நீலச் சட்டையையும் பார்த்து, தோள் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அப்பாவிடம் காட்டினேன். அப்புறம் உங்கள் பெரிய டாக்டர் உன்னைப் பற்றி எழுதிவைத்திருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். தொடையில் வெட்டுப்பட்டு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், செருப்புக் கடையில் வேலை செய்கிற பையன், வெட்டினவர்களே பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டார்கள், மற்ற நோயாளிகளை எல்லாரும் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள், இந்த நர்ஸ் மட்டும் போகவில்லை, போயிருந்தால் ரத்தத்தை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுக்க வேண்டியிருக்கும், எடுத்தால் பையன் பிழைக்க மாட்டான் என்றார். கதவை உதைத்தார்களாம். கண்ணாடி உடைந்து உன் இடது கையில் இறங்கியதாம். நீ கையை எடுக்கவில்லையாம். கண்ணை மூடாதே, உன் கடையில் சின்னக் குழந்தைக்கு எப்படி அளவு எடுப்பாய், சொல்லு என்று அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாயாம், போலீஸ் வருகிற வரைக்கும். அதோடு விட்டாயா. கண்ணாடியை உடைத்தவனைப் பிடித்தபோது அவன் கையிலும் ரத்தம் ஒழுகியதாம், என்னை அப்புறம் பாருங்கள், அவனுக்குத்தான் ரத்தம் அதிகம் போகிறது என்று சொன்னாயாம். அங்கே எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவனை யாராவது பார்த்திருக்க மாட்டார்களா, உனக்கு என்ன என்று கத்தினேன். உன் அப்பாதான் மெதுவாக, அவ கண்ணுக்கு ரத்தம் மட்டும்தான் தெரியும், யாரோடதுன்னு தெரியாது என்றார். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அப்புறம் அந்தப் பையனின் அம்மா மேடைக்கு வந்தார். பேசச் சொன்னார்கள், அவர் மைக்கை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பினார். உன் கையைக் காட்டச் சொன்னார். நீ தயங்கினாய், எனக்குத் தெரிந்தது, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தாய். நான் வைத்த பொத்தானைக் கழற்றி, நான் தைத்த சட்டைக் கையை மேலே ஏற்றினாய். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தையல் தழும்பு. அந்த அம்மா அதைத் தடவி, முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதார். அவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அவர் பிள்ளை உயிரோடு இருக்கிறான், அழட்டும். ஆனால் நான் பிடிக்க வேண்டிய கை அது. நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி மேல் விரலை வைத்துத் தடவினேன், படம் நகர்ந்து போய்விட்டது.

உன் கையில் கண்ணாடி இறங்கிய அந்த மத்தியானம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். யாருடைய பாவாடைக்கோ நாடா கோத்துக்கொண்டிருந்திருப்பேன். பெற்றவளுக்கு உள்ளுக்குள்ளே ஏதோ தெரிந்துவிடும் என்பார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சாப்பிட்டேன், ஒரு குட்டித் தூக்கம் கூடப் போட்டிருப்பேன். நாற்காலி வேலை என்று ஊரெல்லாம் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது என்று அப்பா இரண்டு நாள் மருந்துக்கடைப் பக்கமே போகவில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரரே வீட்டுக்கு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். உன் அத்தை, விழாவில் உனக்குக் கொடுத்த கேடயம் வெள்ளியா இல்லை முலாமா என்று கேட்டாள். மாடி வீட்டு அக்கா, உங்கள் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம், கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்கிறார். எல்லாருக்கும் தலையை ஆட்டுகிறேன். பெருமை இல்லாமல் இல்லை, சிட்டு, நெஞ்சு நிறைய இருக்கிறது. ஆனால் அது பயத்தை ஒரு விரல்கடை கூட நகர்த்தவில்லை, இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

தடுப்பூசி போடுகிற பிரிவுக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று உன் தலைமை நர்ஸ் சொன்னாரே, அங்கே போயேன் என்று எழுதத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன். முதலில் எழுதியதில் அதைத்தான் எழுதினேன், கிழித்துப் போட்டேன். நான் போகாதே என்றால் நீ கேட்டாலும் கேட்பாய், அதுதான் பயமாக இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் வேறு யாருடைய பிள்ளையையாவது கொண்டுவரும்போது அங்கே கையை எடுக்காமல் நிற்க யார் இருந்தார்கள் என்று நான் இங்கே உட்கார்ந்து நினைக்க வேண்டும். போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

போன வாரமே உனக்கு யூனிஃபார்ம் துணி எடுத்துவிட்டேன், பழையது வெளுத்திருக்கும். துணியை விரித்து, அளவு குறித்து, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். முழுக்கைக்கும் துணி இருந்தது. முழுக்கையாக வெட்டிவிட்டால் உன்னை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்று பைத்தியக்காரி மாதிரி ஒரு நிமிஷம் நினைத்தேன் கூட. உன் அப்பா வாசலில் தாழ்ப்பாளைத் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கைக்கு மேலே வெட்டினேன். பார்சலில் வருவதெல்லாம் அரைக்கைதான், நீ கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இடது கையால் கனம் தூக்காதே. தழும்பில் எண்ணெய் தடவுவதற்கு முன்னால் டாக்டரைக் கேள், உனக்கு நான் சொல்ல வேண்டுமா. அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல். நீ தொட்ட உயிரெல்லாம் பிழைக்க வேண்டும், உன் மேல் ஒரு கீறல் விழக்கூடாது, இரண்டையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன், இரண்டும் சேர்ந்து கிடைக்குமா தெரியவில்லை. அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். உன் போன் கேமரா சரியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். இனிமேல் கூப்பிட்டால் முகத்தை அப்புறம் காட்டு, முதலில் இரண்டு கையையும் காட்டு.

இப்படிக்கு,
உன் கையைப் பிடிக்கக் காத்திருக்கும்
அம்மா