ஷகிலா கையில் போகும் சோறு

காரிமங்கலம்
தை 24

என் கண்ணு யுவராணிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தமட்டுக்கு மாரியம்மன் காப்பாற்றுகிறாள். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை அருள்குமாரும் குழந்தையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நைட் டூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே, வெறும் வயிற்றில் தூக்கம் உடம்பைத் தின்றுவிடும். போன வாரம் போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், உனக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும். என்ன செய்வது, போனில் நீ அழுதால் நானும் அழுகிறேன், பாதிப் பேச்சு அதிலேயே போய்விடுகிறது, மீதியை அப்பா காதில் விழுமோ என்று விழுங்கிவிடுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் நாலாவதோடு நின்றவள், மீதி எழுத்து மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைப் படித்துப் படித்து வந்தது, தப்பிருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். அப்பாவை அவர் சபையோடு விட்டுவிட்டு நீ என்னிடம் வந்துவிடம்மா, ஒரே வீட்டில் வேற்றாளாக இருந்து என்ன கண்டாய் என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இது முழுக்க.

நீ பெங்களூர் ஆஸ்டலிலும் பிறகு சீமையிலும் இருந்ததால் இங்கே நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உன் தம்பி தமிழ்மணியை லாரி அடித்துப் போட்ட பிறகு அப்பா வாய் திறக்கவில்லை. காட்டுக்குப் போவார், வரப்பில் உட்கார்ந்திருப்பார், இருட்டினால் வருவார். அப்போதுதான் தங்கம்மாள் சித்தி எங்களைத் தூயநீர்ச் சபைக்குக் கூட்டிப்போனாள். குருவய்யா அப்பா தலையில் கை வைத்து, உங்க பையன் தண்ணிக்குள்ள தாகத்தோட நிக்கிறான், நீங்க விதி தவறாம இருந்தீங்கன்னா அவனுக்கு வாய் வாயா தண்ணி கெடைக்கும் என்றார். அப்பா ஓவென்று அழுதார். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷன். அந்த அழுகையைப் பார்த்துத்தான் நான் சபையை நம்பினேன் கண்ணு, குருவய்யாவின் முகத்தைப் பார்த்து இல்லை. அப்புறம் சொன்னதையெல்லாம் செய்தோம். குலதெய்வத்தை விட்டோம், விளக்கு வைப்பதை விட்டோம், நெருப்புச் சடங்கு பார்க்கக் கூடாது என்றதால் உன் கல்யாணத்தில் ஓமம் வளர்த்த நேரம் பெற்றவர்கள் இரண்டு பேரும் மண்டபத்துக்கு வெளியே செருப்புப் பக்கம் நின்றோம். சிவந்த காய் விஷம், ஆகாது என்றார்கள், தக்காளியை மறந்தோம். குடத்தில் மொண்டால் முதல் செம்பைத் தரையில் விட்டுக் குருவய்யா பேரைச் சொல்ல வேண்டும். தம்பி போட்டோவைப் பார்த்து அழுதால் அவன் வழி மறிக்குமாம், அதையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டோம்.

சபைச் சமையல்கட்டில் அரிசி பருப்புக் கணக்கு எழுத என்னை வைத்திருந்தார்கள். அமாவாசைக் கூட்டத்தின்போது எல்லாரும் மண்டபத்தில் இருக்க நான் பக்கத்து அறையில் பந்திக்கு அரிசி அளந்துகொண்டிருப்பேன், சுவருக்கு இந்தப் பக்கம் பேச்செல்லாம் கேட்கும். ஒரு கூட்டத்துக்கு அதியமான்கோட்டையிலிருந்து ஒரு புதுப் பெண் வந்திருந்தாள், மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். குருவய்யா அவளிடம், உங்க பையன் தண்ணிக்குள்ள தாகத்தோட நிக்கிறான் என்றார். எங்களிடம் சொன்ன அதே சொல், அதே இழுவை. அவள், பையன் இல்லீங்க சாமி, பொண்ணுங்க என்றாள். இவர் ஒரு மூச்சு நிறுத்தி, பொண்ணுதான், முடி நனைஞ்சு மூஞ்சிய மறைச்சிருந்துச்சு என்றார். மண்டபமே ஆமாங்க ஆமாங்க என்றது. அந்தப் பெண் அழுதாள், அப்பா அழுத மாதிரியே. நான் அரிசி அளந்த படியைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி அந்தத் தண்ணீரில் எந்த நாளும் நின்றதில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தாகத்தோடாவது எங்கேயோ நிற்கிறான் என்று இத்தனை காலம் வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. அவனை மறுபடியும் பறிகொடுத்தவள் மாதிரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கூட்டத்துல யாருக்குத்தான் வாய் தவறாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா, நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும், அவனுக்குத் தண்ணிய நிறுத்தறதுக்கு என்னால ஆவாது என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச. நான் போவதை நிறுத்தினேன், அவர் நிறுத்தவில்லை.

விட்டுப்போனவரைச் செத்தவராக வைத்து வீட்டார் தலைமுழுக வேண்டும் என்பது சபை வழக்கம். அப்பா சபைக் குளத்தில் எனக்காகத் தலைமுழுகி ஈர வேட்டியோடு பஸ் ஏறி வந்தார். நெற்றியில் பொட்டோடு நான்தான் கதவைத் திறந்தேன். துண்டை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. அன்றிலிருந்து என் கைத் தண்ணீர் அவருக்கு ஆகாது, என் கைச் சோறு ஆகாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. சபையையே அறியாத வெளியாள் கையில் வாங்கலாமாம், அவர்கள் தெரியாதவர்கள், குற்றமில்லை. தெரிந்து விட்டவள் கைதான் விஷம். முன்னறையில் ஒற்றை அடுப்பு வாங்கி வைத்துக்கொண்டார். தங்கம்மாள் சித்தி சந்தையில் என்னைக் கண்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறாள், எத்தனை பிரசவத்துக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் காவல் இருந்தவர்கள். சபையில் இல்லாதவர்களும் சும்மா இல்லை. என்னா அமுதா, சாமி உன்ன வுட்டுச்சா, நீ சாமிய வுட்டியா என்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள், வரிசையே சிரித்தது. காய்க்கடை மாதப்பன் ஒருவன்தான், தக்காளி பக்கம் என் கை போனதும், என்னக்கா, இத்தன வருசமா ஆளக் காணோம், ஃபாரின்ல இருந்தீங்களா என்று அள்ளிப் போட்டு மேலே இரண்டும் போட்டான். அந்தத் தக்காளியை நறுக்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன் கண்ணு. அன்றைக்கு வயிறு வலித்தது, விஷம்தான் வேலை செய்கிறது என்று பயந்து குப்புறப் படுத்துவிட்டேன். பொய் என்று தெரிந்த பிறகும் பயம் போவதில்லை. இன்னமும் குடத்தில் மொண்டால் முதல் செம்பு தானாகத் தரைக்குப் போகிறது, பேரை மட்டும் பல்லைக் கடித்து நிறுத்துகிறேன். மாரியம்மன் கோவிலுக்குப் போனால் பூசாரி திருநீறு நீட்ட, வாங்கலாமா என்று ஒரு நொடி நிற்கிறேன். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறேனே, என்னை அடையாளம் தெரிகிறதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும், களிதான் அவருக்குச் சரி. ஆனால் களி கிண்டத் தோளில் வலு வேண்டும், பக்குவம் வேண்டும். அவர் கிண்டியது வெளியே கட்டி, உள்ளே பச்சை மாவு, அடியில் கரி. கொஞ்ச நாளில் அதையும் விட்டார். அவர் டப்பாவில் ராகி மாவு குறையவே இல்லை, எனக்குத்தான் அளந்து பார்க்கிற பழக்கம் உண்டே, அதை வைத்துத்தான் மனுஷன் டீக்கடைப் பன்னில் காலம் தள்ளுகிறார் என்று கண்டுபிடித்தேன். கன்னம் ஒட்டிப்போனது, சட்டை தோளில் தொங்கியது. பக்கத்து வீட்டு ஷகிலாவிடம் சொல்லி அழுதேன், மெத்தைக்கடை அப்துல் ரஷீத் பாய் சம்சாரம், நீ வந்தால் மருதாணி வைத்துவிடுவாளே அவள்தான். அவள்தான் வழி சொன்னாள். நீ ஆக்கு அமுதாக்கா, நான் கொண்டுபோய் எங்க வூட்டு சாப்பாடுன்னு குடுக்கறேன், பொய் சொல்றது நானு, அல்லாகிட்ட நான் பேசிக்கறேன் என்றாள். நான் களி கிண்டி மொச்சைக் குழம்பு வைத்துப் பின்பக்கச் சுவர் மேல் அவளுடைய தூக்கில் நிரப்பிக் கொடுப்பேன், அவள் சுற்றிப் போய் முன்வாசலில் நுழைவாள். முதல் நாள் அப்பா, நீ எப்பவாச்சும் எங்க சபைக்கு வந்திருக்கியாம்மா என்று கேட்டாராம். நான் எதுக்குங்கண்ணே அங்க வர்றேன் என்றாளாம். அப்பக் குத்தமில்ல என்று வாங்கிக்கொண்டார். வழித்துச் சாப்பிட்ட தூக்கு திரும்பி வந்தது. ஷகிலா, இவ்ளோ சப்புனு நான் ஆக்கினா எங்க வூட்டுக்காரரு தூக்க வீசிடுவாரு, உங்க வூட்டுக்காரரு அதையும் பாய் வூட்டுச் சமையல்னு நம்புறாரே என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு ராத்திரி பயம் பிடித்தது. விரதக்காரனை அவனுக்குத் தெரியாமல் விரதம் கெடுப்பது பாவமில்லையா. அவர் நம்பிக்கைப்படி பார்த்தால் நான் ஒவ்வொரு கவளத்திலும் தம்பிக்குப் போகும் தண்ணீரை மறிக்கிறேன். பாவமானால் என் தலையில் போடு தாயே என்று அம்மனிடம் சொல்லிவிட்டு மறுநாளும் மாவு கரைத்தேன். அப்பா முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை வந்தது.

தை பிறந்ததும் ஷகிலாவின் மகள் அன்ஜுமுக்குக் கிருஷ்ணகிரியில் ஆண் குழந்தை பிறந்தது, ஷகிலாவும் அங்கே போய்விட்டாள். அன்றைக்கும் கை கேட்கவில்லை, களி கிண்டினேன். கொடுக்க ஆளில்லை. தட்டில் போட்டு மூடி, அப்பா காட்டிலிருந்து வருமுன் அவர் அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வந்தார், கால் கழுவினார், மூடியைத் திறந்தார். மொச்சை வாசனை எனக்கே வந்தது. வெகுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மூடி, இரண்டு கையாலும் தூக்கி வந்து என் பக்கத்து நிலைப்படியில் மெதுவாக வைத்தார், சத்தம் வராமல். போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். எனக்கு உயிர் போன மாதிரி இருந்தது. அப்புறம் எழுந்து வந்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, ஷகிலா எப்ப வருதாம் என்றார். தலைமுழுகின நாளுக்குப் பிறகு எனக்கென்று அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். நானும் சுவரைப் பார்த்து, புள்ளைக்குப் பேர் வெச்சுட்டுத்தான் வருவாங்க என்றேன். போகத் திரும்பினவர் நின்று, பாய் கடைய மூடிட்டு மத்தியானம் வூட்டுக்குத்தான வர்றாரு, அவரு கையில குடுத்து வுடலாமில்ல என்றார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். முதல் நாள் வாய் வைத்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது கண்ணு. இத்தனை வருஷம் தின்ற களி யார் கிண்டியது என்று நாக்குக்குத் தெரியாதா. தெரிந்தும் இடையில் ஒரு வெளியாள் கை வேண்டும் அவருக்கு. அந்தக் கை இல்லாவிட்டால் தம்பியின் தண்ணீர் நின்றுபோகும், என் சோறு இல்லாவிட்டால் இவர் உடம்பு நின்றுபோகும். பாவம், இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போது அப்துல் ரஷீத் பாய்தான் கொண்டுபோகிறார், தன் வீட்டில் தட்டைக்கூட நகர்த்தி வைத்தறியாத மனுஷன். எனக்குப் பொய் சொல்ல வர்லீங்கக்கா, தூக்க வெச்சிட்டு ஓடியாந்துட்டேன் என்கிறார். பொம்பளையே இல்லாத வீட்டிலிருந்து களி எப்படி வருகிறது என்று அப்பா கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி விமானம் ஏறுவது, நீயே சொல். மாப்பிள்ளையை டிக்கெட் போட வேண்டாம் என்று சொல், அவர் மனசுக்கு நான் கும்பிடு போட்டதாகச் சொல். உன் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசையில்லாமல் இல்லை, அதை நினைத்தால் இந்த எழுத்து கலங்கிப்போகும். அப்பா என்றைக்காவது சபையை விடுவார் என்று நான் காத்திருக்கவில்லை. விட்டால் அன்றைக்கு அவர் பிள்ளை நிஜமாகச் சாவான், அதை அந்த வயசில் தாங்குவாரா என்று எனக்கே தெரியவில்லை. நீ அவர் மேல் கோபப்படாதே.

உன் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும், குழந்தை உன் தம்பியின் சிரிப்போடும் உன் ஆயுசோடும் வளரட்டும், மாப்பிள்ளை கை எடுத்ததெல்லாம் நிறையட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது, சாப்பாடு பாய் வூட்ல இருந்து வருதும்மா என்பார். உனக்குத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. ருசி எப்படிப்பா இருக்குது, உப்பு உறைப்பெல்லாம் சரியா இருக்குதா என்று மட்டும் கேள். என்னிடம் சொல்ல அவருக்கு வழியில்லை, உன்னிடம் சொல்வார். அவர் என்ன சொன்னாரோ, ஒரு சொல் விடாமல் எனக்கு எழுது.

உன் அம்மா,
அமுதவல்லி